விளக்கை அணைத்தால் வியாதி தீருமா?

நம் சங்கத்து அன்பர்கள் கார் விஷயமாகக் கேட்கும் கேள்விகளில் இரண்டு அண்மைக் காலத்தில் அடிக்கடி வருகின்றன. முதலாவது, இங்கே புனேயில் இருப்பவர்கள் கேட்பது: "வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. டேஷ்போர்டில் எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் அணையாமல் எரிகிறது. பி.யு.சி. சான்றிதழ் இந்த மாதத்தோடு முடிகிறது. பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டி, விளக்கை அணைத்துவிட்டுப் போகலாமா?" இரண்டாவது, பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் பெற்றோர் கேட்பது: "பையன் கலிபோர்னியாவில் பழைய கார் ஓட்டுகிறான். விளக்கு எதுவும் எரியவில்லை. ஆனாலும் புகைச் சோதனையில் தேறவில்லையாம். 'வண்டி இன்னும் தயாராகவில்லை, சில நாள் ஓட்டிவிட்டு வா' என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எரியாத விளக்குக்குக் கூடவா தண்டனை?"

வேறு வேறு ஊர்க் கேள்விகள் போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் விடை ஒன்றுதான். விளக்கு அணைந்திருப்பது வேறு, வண்டி ஆரோக்கியமாக இருப்பது வேறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் புகைச் சோதனையில் தேறுவது மட்டுமல்ல, பழைய கார் வாங்கும்போது ஏமாறாமல் இருக்கவும் வழி பிறக்கும். வேலை மாற்றத்தால் ஊர் ஊராகப் போகும் நம்மைப் போன்ற குடும்பங்கள் பெரும்பாலும் பழைய கார் வாங்குகிறவர்கள். ஆகவே இரண்டாவது பயனைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

காருக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

இந்த மஞ்சள் விளக்கின் பிறப்பிடம் கலிபோர்னியா. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கண்ணெரிச்சல் தரும் மூட்டத்துக்குக் காரணம் கார்ப் புகையும் சூரிய ஒளியும் சேர்ந்து நடத்தும் ரசாயன வினை என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டியவர் ஹாகன்ஸ்மிட் என்னும் விஞ்ஞானி. 1967-ல் சட்டம் இயற்றப்பட்டு அமைந்த அம்மாநிலக் காற்று வள வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். புதிய வண்டி சோதனைச் சாலையில் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, 5 ஆண்டு ஓடிய பிறகும் சுத்தமாக இருக்கிறதா என்று வண்டியே தன்னைத் தானே கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த வாரியத்தின் எண்ணம். 1988-ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து இதன் எளிய வடிவம் அங்கே கட்டாயமாயிற்று. 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் விற்கும் எல்லாக் கார்களிலும் இரண்டாம் தலைமுறை ஏற்பாடு வந்தது. இதைத்தான் ஓ.பி.டி. 2 என்கிறார்கள். வண்டியிலேயே பொருத்தப்பட்ட நோயறி ஏற்பாடு என்று பொருள் கொள்ளலாம்.

நம் நாட்டுக்கு இது தாமதமாக வந்தது. 1995 ஏப்ரல் 1 முதல் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய 4 பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அதற்காக ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் அந்தக் கன்வெர்ட்டரைப் பாழாக்கிவிடும் என்பதால் இரண்டும் சேர்ந்தே வர வேண்டியிருந்தது. ஆனால் அதைக் கண்காணிக்கும் கணக்குப்பிள்ளை அன்று வரவில்லை. 2010 ஏப்ரலில் பி.எஸ். 4 விதிகளுடன் ஓ.பி.டி.யின் முதல் நிலையும், 2013 ஏப்ரலில் இரண்டாம் நிலையும் கார்களுக்கு வந்தன. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது கண்காணிப்பு மேலும் கடுமையானது. ஆகவே உங்கள் கார் 2013-க்குப் பின் வாங்கியதாக இருந்தால், ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தருகே, 16 துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். மூடி போட்டு மறைத்திருப்பார்கள். குனிந்து தேடினால் தென்படும். அதுதான் கணக்குப்பிள்ளையிடம் பேசும் வாசல்.

தொட்டியும் குழாயும்

இந்தக் கணக்குப்பிள்ளை எப்படி வேலை செய்கிறார் என்பதற்கு ஒரே ஒரு உதாரணத்தை விரிவாகப் பார்ப்போம்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்பது சைலன்சருக்கு முன்னால் உள்ள, தேன்கூடு போன்ற ஒரு உறுப்பு. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் அதில் மெல்லிய பூச்சாக இருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்று நஞ்சுகளையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடும். ஆனால் இது நடக்க, எஞ்சினுக்குள் போகும் காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் இருக்க வேண்டும்: 1 கிலோ பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிலோ காற்று. அந்த விகிதத்தை நிலைநிறுத்த, கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. அது "பெட்ரோல் கூடிவிட்டது", "குறைந்துவிட்டது" என்று ஓயாமல் சொல்ல, கம்ப்யூட்டர் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். அதனால் கன்வெர்ட்டருக்குள் நுழையும் புகையில் ஆக்சிஜன் அளவு அலை அலையாக ஏறி இறங்கும்.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் இன்னொரு ஆக்சிஜன் சென்சார் உண்டு. அதன் வேலை வேறு. முன்னது சொல்வதையும் தான் காண்பதையும் ஒப்பிட உதவுவது. நம் குடியிருப்புகளில் மாநகராட்சித் தண்ணீர் எப்படி வருகிறது? ஒரு மணி நேரம் வரும், நின்றுவிடும், மெல்ல வரும், வேகமாக வரும். ஆனால் மொட்டை மாடியில் தொட்டி இருப்பதால் சமையலறைக் குழாயில் ஒரே சீராகத் தண்ணீர் கொட்டுகிறது. நல்ல கன்வெர்ட்டர் அந்தத் தொட்டியைப் போன்றது. அதில் உள்ள சீரியம் ஆக்சைடு, ஆக்சிஜன் அதிகமாகும்போது சேமித்து வைத்துக்கொண்டு, குறையும்போது கொடுத்துவிடும். ஆகவே முன் சென்சார் எவ்வளவு ஆடினாலும் பின் சென்சார் ஏறக்குறைய அசையாமல் இருக்கும்.

தொட்டி விரிசல் விட்டாலோ பாதி சேறு நிரம்பினாலோ என்ன ஆகும்? தெருக்குழாயின் ஏற்ற இறக்கம் அப்படியே சமையலறையிலும் தெரியும். அதுபோல் பின் சென்சாரும் முன் சென்சாரைப் போலவே ஆடத் தொடங்கினால் கன்வெர்ட்டர் செத்துக்கொண்டிருக்கிறது என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டி, பி 0420 என்னும் குறியீட்டை எழுதி வைக்கும். பழைய கார்களில் மெக்கானிக்குகள் அடிக்கடி பார்க்கும் குறியீடுகளில் இது ஒன்று. பர்ஸைக் கனமாகக் கடிக்கும் குறியீடும் இதுதான். (ஆனால் இந்தக் குறியீடு வந்த உடனே கன்வெர்ட்டரை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் கொஞ்சம் நிதானமாக இருங்கள். முன்னால் புகை கசிந்தாலும், சென்சார் கெட்டிருந்தாலும் இதே குறியீடு வரலாம்.)

இந்தச் சோதனையை எந்த நேரமும் நடத்த முடியாது என்பதைக் கவனியுங்கள். கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறிய பிறகுதான் வேலையே தொடங்கும். வண்டி ஒரே சீரான வேகத்தில் சில நிமிடங்கள் ஓட வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் லட்சுமி ரோட்டில் ஒரு மாதம் ஓட்டினாலும் இதற்கான வாய்ப்பு அமையாமல் போகலாம். "தயார் நிலை" என்ற சொல்லின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தயார் நிலை என்றால் என்ன?

கம்ப்யூட்டர் நடத்தும் சோதனைகள் இரு வகை. எஞ்சினின் ஏதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் தவறுகிறதா, பெட்ரோல் அளவு சரியாகப் போகிறதா, ஒயர்களில் துண்டிப்பு உண்டா என்பவை ஓயாமல் நடப்பவை. கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், அந்தச் சென்சாரைச் சூடாக்கும் கம்பி, புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்கே அனுப்பும் வால்வு, பெட்ரோல் தொட்டியின் ஆவியை அடக்கி வைக்கும் ஏற்பாடு ஆகியவற்றின் சோதனைகள் தகுந்த சூழ்நிலை அமையும்போது மட்டும் நடப்பவை. இந்த ஒவ்வொன்றுக்கும் எதிரே கம்ப்யூட்டர் ஒரு குறிப்பு வைத்திருக்கும்: "முடிந்தது" அல்லது "முடியவில்லை".

பேட்டரியைக் கழற்றினாலோ, ஸ்கேனர் வைத்துக் குறியீட்டை அழித்தாலோ விளக்கு அணையும். ஆனால் கூடவே இரண்டாம் வகைச் சோதனைகள் எல்லாவற்றின் எதிரிலும் "முடியவில்லை" என்று விழுந்துவிடும். பரீட்சைத் தாளில் தப்பான விடையை அழித்தால் தாள் வெறுமையாகத்தான் இருக்கும், மதிப்பெண் வந்துவிடாது. அமெரிக்கச் சோதனையாளர் அந்த வெற்றுத் தாளைப் பார்த்துத்தான் "போய் எழுதிக்கொண்டு வா" என்கிறார். விளக்கு எரியாதது குற்றமல்ல. சொல்வதற்கு இன்னும் கம்ப்யூட்டரிடம் ஒன்றும் இல்லை, அவ்வளவே.

அங்கே கணக்கு இப்படி: மத்திய சுற்றுச்சூழல் அமைப்பின் வழிகாட்டுதலின்படி 1996 முதல் 2000 வரையிலான மாடல்களில் 2 சோதனைகளும், 2001 முதலான மாடல்களில் 1 சோதனையும் முடியாமல் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். கலிபோர்னியா இன்னும் கறார். அங்கே 2000 மாடலும் அதற்குப் பிந்தியதுமான பெட்ரோல் கார்களில் தொட்டி ஆவிச் சோதனை ஒன்று மட்டும் முடியாமல் இருக்கலாம். மற்றவை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். 2015 முதல் அந்த மாடல்களுக்குப் பெரும்பாலும் குழாயில் கருவி நுழைத்துப் பார்ப்பதே இல்லை. 16 துளைச் சாக்கெட்டில் ஒயரைச் சொருகி, கணக்குப்பிள்ளையின் வாக்குமூலத்தை வாங்கிக்கொள்கிறார்கள்.

இதிலும் தந்திரம் செய்தவர்கள் இருந்திருக்க வேண்டும். ஏனெனில் இன்னொரு பூட்டும் போட்டிருக்கிறார்கள். 2010 மாடல் முதலான கார்களில் "நிரந்தரக் குறியீடு" என்று ஒன்று பதிவாகும். ஸ்கேனராலோ பேட்டரியைக் கழற்றியோ அதை அழிக்க முடியாது. கோளாறு உண்மையிலேயே தீர்ந்துவிட்டது என்று வண்டியே தன் சோதனையால் உறுதி செய்த பிறகுதான் அழியும். 2019 ஜூலை முதல் கலிபோர்னியாவில் இதையும் பார்க்கிறார்கள். குறியீடுகளை அழித்த பிறகு எஞ்சின் 15 முறை ஆறிச் சூடேறி, 200 மைல், அதாவது சுமார் 320 கிலோமீட்டர் ஓடியிருந்தால் மட்டும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

எப்படி ஓட்ட வேண்டும்?

மகன் அல்லது மகளுக்கு எழுதும்போது முதலில் இதைச் சொல்லுங்கள்: கோளாறு இருந்தால் அதைச் சரி செய்யாமல் ஓட்டிப் பயனில்லை. அதே சோதனை மறுபடி நடக்கும், மறுபடி தோற்கும், விளக்கு மறுபடி எரியும். பெரும்பாலான கோளாறுகளுக்கு முதல் ஓட்டத்தில் சந்தேகக் குறிப்பு மட்டும் விழும். இரண்டாவது ஓட்டத்திலும் தோற்றால்தான் விளக்கு எரியும். ஆகவே "நேற்று அழித்தேன், இன்று எரியவில்லை" என்பதில் எந்த ஆறுதலும் இல்லை.

பழுது பார்த்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் வண்டிக்கென்று ஓட்டமுறை வகுத்திருக்கிறார்கள். அதைப் பின்பற்றுவதே உத்தமம். கிடைக்காதபோது பொதுவான முறை இது. முதல் நாள் இரவு வண்டியை நிறுத்தினால் குறைந்தது 8 மணி நேரம் தொடக்கூடாது. எஞ்சின் நீரின் சூடும் வெளிக்காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் கம்ப்யூட்டர் அதைக் குளிர்ந்த தொடக்கம் என்று ஒப்புக்கொள்ளும். பெட்ரோல் தொட்டி கால் பங்குக்கு மேலும் முக்கால் பங்குக்குக் கீழும் இருக்கட்டும். முழுத் தொட்டியிலும் காலித் தொட்டியிலும் ஆவிச் சோதனை நடக்காது. காலையில் கிளப்பி, ஏ.சி.யையும் முன் விளக்கையும் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விடவேண்டும். பிறகு ஊருக்குள் 10 நிமிடம் நிதானமாக ஓட்டி, நெடுஞ்சாலையில் ஏறி 80 முதல் 90 கிலோமீட்டர் வேகத்தில் 10 நிமிடமாவது காலை ஆட்டாமல் ஒரே சீராகப் போகவேண்டும். பின்னால் வண்டி எதுவும் வராத இடமாகப் பார்த்து, கியரிலேயே வைத்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பிரேக் போடாமல் வேகம் தானாகக் குறைய விடவேண்டும். நியூட்ரலில் தள்ளக்கூடாது. மறுபடி மெதுவாக வேகம் எடுத்து, இதையே இரண்டு மூன்று முறை செய்யவேண்டும். திரும்பும்போது ஊருக்குள் நின்று நின்று வந்தால் மீதிச் சோதனைகளுக்கும் வாய்ப்பு கிடைக்கும்.

புனே அன்பர்கள் இதைச் செய்து பார்க்க விரும்பினால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிவளே அருகே எக்ஸ்பிரஸ்வேயில் ஏறி, மலைப்பாதை தொடங்கும் முன் லோணாவளாவில் இறங்கித் திரும்பலாம். காலைச் சிற்றுண்டியும் ஆயிற்று. மலை இறக்கத்தில் மட்டும் இந்தப் பரிசோதனை வேண்டாம்.

ஒரே ஓட்டத்தில் எல்லாம் முடிந்துவிடாது. சென்சாரின் சூட்டுக் கம்பிச் சோதனை கிளப்பிய சில நிமிடங்களில் முடியும். ஆக்சிஜன் சென்சார் தேறிய பிறகுதான் அதை நம்பிக் கன்வெர்ட்டர் சோதனை நடக்கும். தொட்டி ஆவிச் சோதனைதான் பெரும்பாலும் கடைசி. அமெரிக்க வண்டிகளில் அரை மில்லிமீட்டர் ஓட்டை அளவு கசிவைக்கூடக் கண்டுபிடிக்க வேண்டிய நுட்பமான சோதனை அது. கடும் வெயிலிலும் கடும் குளிரிலும் நடக்காது. அதனால்தான் கலிபோர்னியாக்காரர்கள் அதற்கு மட்டும் சலுகை கொடுத்திருக்கிறார்கள். பெட்ரோல் மூடியைச் சரியாக இறுக்காமல் விட்டாலும் இதில் தோற்கும். ஐரோப்பிய முறையைத் தழுவிய நம் நாட்டு விதியில் இந்தக் கசிவுச் சோதனை இல்லை. ஆவி வால்வின் மின்தொடர்பு சரியாக உள்ளதா என்று மட்டும் பார்ப்பதே வழக்கம். ஆகவே உங்கள் ஸ்கேனரில் "இந்த வண்டியில் இல்லை" என்று அதற்கு எதிரே வந்தால் திகைக்க வேண்டாம்.

பொதுவாக 3, 4 நாள் கலந்து ஓட்டினால் போதும். சில வண்டிகள் ஒரு வாரமும் எடுக்கும். பிள்ளைகள் பதிவு முடியும் நாளுக்கு முந்தின நாள் பேட்டரி மாற்றிக்கொண்டு சோதனைக்குப் போனால் திரும்பித்தான் வரவேண்டும்.

இங்கே நடக்கும் பி.யு.சி. சோதனை

நம் ஊரில் முறையே வேறு. பெட்ரோல் பங்க் ஓரத்தில் உள்ள சோதனைக் கூண்டில் சைலன்சர் குழாய்க்குள் கருவியை நுழைத்துப் பார்க்கிறார்கள். பி.எஸ். 4 பெட்ரோல் கார் நின்ற இடத்தில் மெல்ல ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும், எரியாத ஆவி பத்து லட்சத்தில் 200 பங்கையும் தாண்டக்கூடாது. சுமார் 2500 சுற்று வேகத்தில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள்ளும், லாம்டா என்னும் காற்று விகித எண் 0.97-க்கும் 1.03-க்கும் இடையிலும் இருக்கவேண்டும். டீசல் வண்டிக்கு எஞ்சினை ஒரே மூச்சில் முடுக்கி, புகையின் அடர்த்தியை அளப்பார்கள். முடிவு வண்டியின் நம்பர் பிளேட் படத்தோடு அரசின் வாகன் கணினித் தொகுப்பில் ஏறும். எந்த மாநிலத்தில் எடுத்த சான்றிதழும் எல்லா மாநிலத்திலும் செல்லும். தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள காருக்கு இங்கே எடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பி.எஸ். 4 காருக்கு ஓராண்டு செல்லும். சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

முதல் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். மஞ்சள் விளக்கு எரிந்தாலும் குழாய்ப் புகை வரம்புக்குள் இருந்தால் இந்தச் சோதனையில் தேறிவிடக்கூடும். பேட்டரி ஒயரைக் கழற்றுவதால் புகை ஒரு துளியும் குறையாது. மாறாக, கம்ப்யூட்டர் இதுவரை கற்றுவைத்த பெட்ரோல் திருத்தங்களையும் பல வண்டிகளில் மறந்துவிடும். அது மறுபடி கற்றுக்கொள்ளும் வரை ஐடில் நிலையில்லாமல் ஆடும். தேறவேண்டிய வண்டி தேறாமலும் போகலாம். ஆகவே விளக்கை அணைக்கும் எண்ணத்தை விட்டு, குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் போன்ற சின்னக் காரணமாகவே பல நேரம் இருக்கும். விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டினால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். சிலிண்டர் எரியாமல் தவறி, பச்சைப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கிக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துவதே நல்லது.

சோதனைக்குப் போகும்போது 15, 20 நிமிடம் ஓட்டி, எஞ்சின் சூட்டோடு போங்கள். வீட்டு வாசலிலிருந்து எதிர்ப் பங்குக்குக் குளிர்ந்த எஞ்சினோடு போகும் நல்ல வண்டிகூடத் தோற்பதுண்டு, கன்வெர்ட்டர் தூங்கிக்கொண்டிருக்கும். வரிசையில் அரை மணி நேரம் எஞ்சினை நிறுத்திக் காத்திருந்தாலும் இதே கதைதான். பி.எஸ். 6 டீசல் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அதில் உள்ள கரித்தூள் வடிகட்டி, சேர்ந்த கரியைச் சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். தினம் பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று 3 கிலோமீட்டர் ஓடும் டீசல் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. மாதம் இருமுறையாவது நெடுஞ்சாலை காட்டுங்கள்.

குழாய்ச் சோதனைக்கு ஒரு பெரிய குறையும் உண்டு. நைட்ரஜன் ஆக்சைடுகளை அது அளப்பதில்லை. நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் சாலையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதும் தெரியாது. இந்த இடத்தில் ஃபோக்ஸ்வாகன் விவகாரத்தை நினைவுபடுத்தவேண்டும். அந்த டீசல் கார்கள் சோதனைச் சாலையில் சுத்தமாகத் தேறின. உள்ளே இருந்த ஓ.பி.டி.யும் வாய் திறக்கவில்லை. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் கருவிகளைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிக் கலிபோர்னியாச் சாலைகளில் ஓட்டிப் பார்த்தபோது, ஒரு காரில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப்போல் 15 முதல் 35 மடங்கு இருந்தது. 2014-ல் அறிக்கை வந்தது. 2015 செப்டம்பரில் மோசடி வெளியாயிற்று. டேனியல் கார்டர் தலைமையிலான அந்தச் சிறு குழுவில் ஒருவர் அரவிந்த் திருவேங்கடம். பெயரைப் படித்ததுமே நம் வாசகர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். இங்கே நம் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனமும் சோதித்துப் பார்த்தது. அதன் பிறகு அக்கம்பெனி இந்தியாவில் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்பப் பெறுவதாக 2015 டிசம்பரில் அறிவித்தது. 2023 ஏப்ரல் முதல் நம் நாட்டிலும் புதிய கார் மாடல்களைச் சாலையில் ஓட்டிப் பார்க்கும் விதி வந்திருக்கிறது.

பழைய கார் வாங்குபவர்களுக்கு

நம் குடியிருப்பில் ஓர் அன்பர், சென்ற ஆண்டு மாற்றலாகி வந்தவர், 2016 மாடல் கார் ஒன்றை வாங்கினார். பி.யு.சி. சான்றிதழ் புத்தம் புதிது. வாங்கிய வாரமே எடுத்தது. டேஷ்போர்டில் ஒரு விளக்கும் இல்லை. ஐந்தாம் நாள், பெண்ணைக் கல்லூரியில் சேர்க்க நாசிக் போகும் வழியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. படித்துப் பார்த்தால் பி 0420. விற்ற தரகர், "உங்கள் கையில் வந்த பிறகு கெட்டிருக்கிறது, நான் என்ன செய்ய?" என்று கைவிரித்துவிட்டார். புது கன்வெர்ட்டரின் விலையைக் கேட்ட அன்பரின் மனைவி, அந்தப் பணத்தில் ஒரு வருடக் கல்லூரிக் கட்டணமே கட்டியிருக்கலாம் என்றார்.

கையில் வந்த பிறகு கெட்டதா, முன்பே கெட்டிருந்ததா என்பதை வாங்கும் நாளிலேயே தெரிந்துகொண்டிருக்கலாம். புளூடூத் வழியாகக் கைபேசியோடு பேசும் சிறிய அடாப்டர் குறைந்த விலையில் கிடைக்கிறது. ஒரு குடியிருப்புக்கு ஒன்று இருந்தால் போதும். அதைச் சாக்கெட்டில் சொருகிப் பார்க்கவேண்டியது குறியீடு இருக்கிறதா என்பதை மட்டும் அல்ல. சோதனைகள் எத்தனை "முடியவில்லை" என்று இருக்கின்றன? குறியீடுகளை அழித்த பிறகு வண்டி ஓடிய தூரம் எவ்வளவு? எத்தனை முறை சூடேறியிருக்கிறது? கடைசி இரண்டு விவரங்களையும் கம்ப்யூட்டர் தனியே எழுதி வைத்திருக்கும். பெரும்பாலான கைபேசிச் செயலிகள் அதைக் காட்டும். "ஆறு மாதமாக ஒரு ஸ்பேனர்கூடப் படவில்லை சார்" என்று விற்பவர் சொல்லும்போது, அழித்த பிறகு ஓடிய தூரம் 12 கிலோமீட்டர் என்று திரையில் வந்தால், அவரிடம் சண்டை போட வேண்டியதில்லை. "பேட்டரி மாற்றினீர்களா, பில் இருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள். உண்மையிலேயே மாற்றியிருக்கலாம். பில் இருந்தால், ஒரு வாரம் ஓட்டிவிட்டுச் சோதனைகள் முடிந்தபின் மீண்டும் காட்டச் சொல்லுங்கள். பில்லும் இல்லை, ஒரு வாரம் பொறுக்கவும் முடியாது என்றால் வேறு வண்டி பாருங்கள்.

அடாப்டர் இல்லாதவர்களும் ஒன்று செய்யலாம். சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல், டேஷ்போர்டைப் பாருங்கள். எல்லா விளக்குகளோடும் மஞ்சள் எஞ்சின் விளக்கும் எரியவேண்டும். எஞ்சின் கிளம்பியதும் அணையவேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால், விளக்கையே யாரோ பிடுங்கியிருக்கிறார்கள் அல்லது பின்னால் டேப் ஒட்டியிருக்கிறார்கள். சில தயாரிப்புகளில் எஞ்சின் ஓடாத நிலையில் சுமார் 15, 20 விநாடிக்குப் பின் இந்த விளக்கு சிமிட்டும். சோதனைகள் முடியவில்லை என்பதற்கு அது அடையாளம். இந்தப் பழக்கம் எல்லா வண்டியிலும் கிடையாது. உரிமையாளர் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பவர் பக்கமும் இருந்து பார்க்கலாம். மாற்றல் உத்தரவு வந்து காரை விற்கப்போகும் அன்பர்கள், பழுது பார்த்த பில்களோடு, எல்லாச் சோதனைகளும் "முடிந்தது" என்று காட்டும் அந்தத் திரையையும் படம் எடுத்து, தேதியோடு வாங்குபவரிடம் கொடுங்கள். பேட்டரியையோ சென்சாரையோ மாற்றவேண்டியிருந்தால் விற்பனைக்குக் குறைந்தது 2 வாரம் முன்பே மாற்றிவிடுங்கள்.